சுல்தானாவின் பதினோரு முட்டை

கல்மண்டபம் அஜீசுன்னிசாவுக்கு வாயும் ஜாஸ்தி, கைவேலையும் ஜாஸ்தி. டீத்தூள் வந்த ஒரு மரப்பெட்டி, அதுக்கு அடியில் அரிக்கேன் விளக்கு, உள்ளே தண்ணிக் கிண்ணம். கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்கிறேன் பார் என்று 1952-ல் தெருவுக்கே சவால் விட்டவள். முதல் தடவை இருபது முட்டைக்கு ஒரே குஞ்சு. இரண்டாம் தடவை அதுவும் இல்லை. தெருவே சிரித்தது. "சிரிச்சுகினே இருங்க, பல்லு சுளுக்கிக்கும்!" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் செல்லக்கோழி சுல்தானா, கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாத கறுப்பழகி, ஹார்பர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. மிச்சம் அது இட்ட பதினோரு முட்டை. தெருவில் அப்போது ஒரு கோழியும் அடைக்கு உட்காரவில்லை. பெட்டிதான் கதி. இதுவும் கெட்டால் சுல்தானா வம்சமே போச்சு என்று அழுதுகொண்டே விளக்கை ஏற்றினாள்.

போன தடவை பொரிக்காத முட்டைகளை அவள் உடைத்துப் பார்த்திருந்தாள். குஞ்செல்லாம் முழுசாக வளர்ந்து, உள்தோல் காய்ந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அப்போ ஈரம் போதலை! அதெப்படி? தினமும் கிண்ணம் நிறைய ஊற்றுகிறாளே? கடைசி நாட்களில்தான் யாரோ கை வைக்கிறார்கள் என்று பத்தொன்பதாம் நாள் தண்ணி ஊற்றிவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்தான் புருஷன் அத்தாவுல்லா, ஹார்பர் குடோனில் மூட்டை அடுக்குகிறவன். மூடியைத் திறந்தான். தண்ணியை வாசலில் கொட்டினான். துண்டால் பெட்டியைத் துடைத்து, விசிறியும் விட்டான்.

"யா அல்லா! இன்னா பண்றீங்க?" என்று கட்டிலுக்கடியிலிருந்து அவள் தலை நீட்ட, அவன் அலறிக் கிண்ணத்தைக் கீழே போட்டான்.

"குஞ்சு வர்ற நேரம்மே. ஈரம் பட்டா சரக்கு போச்சு. குடோன்ல பதினஞ்சு வருசமா அதானே பாத்துகினு கீறேன்?"

"போன ரெண்டு வாட்டியும் இதேதானா?"

"ஆமா. கடைசி மூணு நாளு மட்டும்" என்றான், ரொம்பப் பொறுப்பாக.

திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்து, கிண்ணத்தை நிரப்பி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டினாள்.

இருபத்தோராம் நாள் விடிந்ததும் பெட்டிக்குள் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். "தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்!" அத்தாவுல்லா சாயங்காலம்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கயிற்றை அவிழ்த்தால், ஒன்பது குஞ்சு! அஞ்சுக்குக் கழுத்து மொட்டை! அஜீசுன்னிசா ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கும் வூட்டுக்குமாக ஓடினாள்.

அத்தாவுல்லா பெட்டிப் பக்கத்திலேயே நின்றான். கண்ணில் தண்ணி கொட்டியது.

"இன்னாங்க இது? ஈரம் பட்டா சரக்கு போச்சுல்ல?" என்று திரும்பி வந்தவள் அவன் துண்டாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.