நைனாவுக்கு நூறு மில்லி

கடையில் ஒரு டிபன் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ‘750 மில்லி’ என்று பொறித்திருந்தது. உடனே ராயபுரத்து எங்கள் வீட்டின் கஞ்சி வாசனை வந்துவிட்டது.

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு இரண்டு லிட்டர் பிடிக்கும். அம்மா சோறும் மீன் குழம்புமாக நிரப்பி அனுப்புவாள்; ஒரு பருக்கைகூட மிஞ்சாது. அப்படிப்பட்டவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. “வேளைக்கு நூறு மில்லி கஞ்சி, அதற்குமேல் கூடாது” என்றார் டாக்டர். அம்மாவுக்கு லிட்டர்தான் பழக்கம். தம்பியின் பால் பாட்டிலில் மில்லிக் கோடுகள் இருப்பதை நான் காட்டினேன். அதில் அளந்து டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

“இன்னாமே, இது எனக்கா, பூனைக்கா?”

“குடிச்சிடுய்யா. ஜாஸ்தி குடுத்தா டாக்டரு கத்துவாரு” என்றவள், அடுப்படிக்குப் போய் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அந்தத் துளிக் கஞ்சி போவதைப் பார்க்க எனக்கும் பயமாக இருந்தது.

நாளாக ஆக, அளவு கோடு கோடாக ஏறியது. இனி எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, நைனா வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: “பசிக்குதுமே, லிட்டர்ல போடு!”

அம்மா செருப்புகூடப் போடாமல் மீன் வாங்கக் காசிமேட்டுக்கு ஓடினாள்.