பிளாப்பியும் வேப்பிலையும்

வைரஸ் என்று யார் சொன்னாலும் எனக்குப் பயம். ஊர் உலகமே அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு வாயையும் மூக்கையும் மூடித் திரிந்த காலத்தில், “நீ மட்டும் ஏன் எல்லாரையும் விட ரெண்டு மடங்கு பயப்படற?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்வதென்றால் திண்டிவனத்தில் ஒரு குளிர்ந்த அறையிலிருந்து தொடங்க வேண்டும். என் அக்காவையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் சாவின் வாசல் வரை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான் என்றும் சொல்ல வேண்டும். அவ்வளவு தைரியம் எனக்கு ஏது?

அப்போது எனக்கு இருபது வயது. விழுப்புரத்தில் ஆறு மாத கம்ப்யூட்டர் படிப்பை முடித்த கையோடு, எங்கள் திண்டிவனத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. மூன்று மெஷின். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மெஷினுக்குள் எதையும் சேர்த்து வைக்க இடம் கிடையாது. கறுப்பாய், சதுரமாய், அப்பளத்தைப் போல வளையும் பிளாப்பியைச் செருகினால்தான் கண்ணே திறக்கும். மனிதர்களுக்கு ஃபேன்கூட இல்லாத அந்தத் தெருவில் அந்த மூன்று மெஷினுக்கும் ஏ.சி. இருந்தது.

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். “தூசி வந்தா வைரஸ் வரும்” என்று சென்டர் நடத்திய சார் சொல்வார். நானும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வைரஸ் என்றால் காலோடு வரும் ஏதோ ஒன்று என்றுதான் நானே நம்பினேன். டீச்சர் லட்சணம் அப்படி!

அக்காவை வளவனூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு எட்டாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கத்திரி வெயில். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தவித்தாள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று வரை சென்டரில் வகுப்பு இல்லை. சாரிடம் கேட்டேன். “மாசமா இருக்கிற பொண்ணு, வந்து உக்காரட்டும்மா” என்றார்.

முதல் நாள் கீபோர்டைத் தொடவே பயந்தாள். ஷாக் அடிக்குமாம். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று சென்டரில் இருந்த ஒரு கேமைப் போட்டுக் காட்டினேன். மேலேயிருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். தரையைத் தொடுவதற்குள் அதைத் திருப்பி, இடுக்கு விழாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அந்த வரிசை மறைந்துபோகும். அடுக்கத் தவறினால் கட்டைகள் உயர்ந்து உயர்ந்து உச்சியை முட்டும், ஆட்டம் முடிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். அக்கா அதில் அப்படியே ஒட்டிக்கொண்டாள். ஸ்கோரை ஆஸ்பத்திரி அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தாள். அம்மா அதைப் பார்த்து ஏதோ மருந்துக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் பிளாப்பி கரகரவென்று சத்தம் போட்டது. திரையில் மூன்று ஆங்கிலச் சொற்கள் வந்து நின்றன: அபார்ட், ரிட்ரை, ஃபெயில். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மெஷின் கேட்கிறது.

“அபார்ட்னா இன்னாடி?” என்றாள் அக்கா, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சொல்லின் அண்ணனை, அபார்ஷனை, அவள் கேட்டிருக்கிறாள் என்று. “நிறுத்தறது. கேமை நிறுத்தறது” என்றேன்.  ரிட்ரை, ரிட்ரை என்று இருபது தடவை அழுத்தினேன். பிளாப்பி செத்தது செத்ததுதான். அக்கா முகம் தொங்கிப்போனது.

விழுப்புரத்தில் என்னோடு படித்த தோழியிடம் அந்த கேம் இருந்தது. அதே வாரம் அக்காவுக்கு விழுப்புரத்தில் ஸ்கேன். நான்தான் துணைக்குப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, இன்னும் மூன்று நான்கு வாரம் என்றார். வெளியே வந்ததும் அக்கா, “உன் பிரெண்டு வூடு ஸ்டேஷன் பக்கம்தான? ஜல்தியா போய் வாங்கிக்கினு வந்துரலாம்டி” என்றாள். எனக்கும் அதுதான் ஆசை.

தோழியின் வீடு ஒரு சந்தின் கடைசியில். நான் முன்னால் போனேன். அக்கா பத்தடி பின்னால் முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தாள். வாசல் நிலையின் ஓரத்தில், தோளுயரத்தில், ஒரு வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

வீட்டுக்குள் அம்மை போட்டிருக்கிறது, யாரும் வராதீர்கள் என்று அதற்கு அர்த்தம். எங்கள் பக்கத்தில் பேசத் தெரியாத குழந்தைக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிந்தது. இலை காய்ந்திருந்தது. காய்ந்த இலைதானே, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாம் முடிந்திருக்கும், எடுத்துப் போட மறந்திருப்பார்கள் என்று நானே எனக்கு ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கதவை அகலத் திறந்து அந்தக் கொத்தின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, “உள்ள வாக்கா” என்றேன்.

தோழி அக்காவின் வயிற்றைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். “ஏய், வூட்ல தங்கச்சிக்கு...” என்று தொடங்கினாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, பிளாப்பியக் குடு ஜல்தி” என்று நான் பேச்சை வெட்டினேன். அவள் பீரோவைத் துழாவிய கால் மணி நேரமும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். உள்ளறையில் யாரோ இருமினார்கள். மஞ்சள் வாசனை அடித்தது. 

அடுத்த இரண்டு வாரம் அக்கா ராணி போல ஆடினாள். நான் அவள் கழுத்தையும் நெற்றியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியர்க்குரு ஒன்று தெரிந்தாலும் விரலால் தடவிப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் தாண்டத் தாண்ட, ஒன்றும் இல்லை, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன்.

பதினான்காம் நாள். அக்கா ஆட்டத்தை முடித்திருந்தாள். பிளாப்பியில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் திரையில் நின்றது. டிக் என்று ஒரு சத்தம். மேல் வரியிலிருந்த ஓர் எழுத்து கழன்று கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. டிக், டிக். எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து திரையின் அடியில் குப்பையாகக் குவிந்தன.

“ஏய், இது புது கேமாடி?” அக்கா சிரித்துக்கொண்டே அம்புக்குறிகளை அழுத்தினாள். விழுகிற எழுத்தைத் திருப்பப் பார்த்தாள். ஒன்றும் திரும்பவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த சார் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “ஐயையோ! வைரஸ் இது. யாரும் எதையும் தொடாதீங்க. யார் கொண்டாந்த பிளாப்பி?”

“நான்தான் சார்.”

“எந்த மெஷின்ல போட்ட?”

“மூணுலயும்.”

“போச்சு போ. அதுல போட்ட மத்த பிளாப்பிக்கெல்லாம் ஒட்டியிருக்கும். உள்ள வந்து சத்தமில்லாம உக்காந்துக்கினு இருந்துட்டு, நாள் பாத்துதான் வெளிய காட்டும் அது.”

அன்று சாயங்காலம் அக்கா உடம்பெல்லாம் வலிக்கிறது என்றாள். மறுநாள் காலையில் கழுத்தில் மூன்று முத்து.

அம்மா பார்த்ததும், “மாதாவே, அம்மா வந்துட்டாளே” என்றாள். ஒரே வாயால் இரண்டு தாயையும் கூப்பிட்டாள். மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள், வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டுக்கு வந்து பார்த்த லேடி டாக்டர், “சிக்கன் பாக்ஸ். வைரஸ்” என்றார். நேற்று சார் சொன்ன அதே சொல். பிறகு அம்மாவையும் என்னையும் வெளியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். “இன்னும் ஒரு வாரத்துக்குள்ள பிரசவம் ஆயிடுச்சுன்னா குழந்தைக்கு ரொம்ப ஆபத்து. ஒரு வாரம் தாண்டிட்டா தாயோட உடம்புல உண்டாகிற எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்டும். அதுவரைக்கும் குழந்தை உள்ளயே இருக்கணும்.”

ஏழு நாள். அக்காவுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டதால் பக்கத்தில் இருந்து பார்க்கும் வேலை என்னுடையது. மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அது வந்ததே இல்லை. வளவனூரிலிருந்து தினம் வந்து கேட்டுக்கு வெளியே நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவார். “எங்கேந்துதான் ஒட்டிச்சோ தெர்லயே” என்று ஒவ்வொரு நாளும் அதையே சொல்வார். நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

மூன்றாம் நாள் லீவு சொல்ல சென்டருக்கு ஓடினேன். மாடிப்படி ஏறியதும் கால் நின்றுவிட்டது. சென்டர் வாசலில் வேப்பிலைக் கொத்து. உள்ளே மூன்று மெஷினின் தலையிலும் வேப்பிலை. பெருக்குகிற அம்மாள் கீபோர்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். “மெஷினுக்கு வைரஸாம், உங்க அக்காவுக்கும் அதானாமே? இங்க உக்காந்துக்கினு இருந்துதான அதுக்கு வந்திச்சி” என்றாள்.

என் பின்னாலேயே ஏறி வந்த சார் ஒரு நிமிடம் கத்தினார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். “பேஜாரு பண்ணாதம்மா. இது மனுஷன் எழுதி வுட்ட புரோகிராம். மெஷின்லேந்து மனுஷனுக்கு எங்கியாவது ஒட்டுமா?”

“ஒட்டாதா சார்?” என்றேன்.

“ஒட்டவே ஒட்டாது. நீயே டீச்சரு, நீயே கேக்கறியே.”

 உள்ளதைச் சொல்கிறேன்: அந்த மூன்று நாளும் பிளாப்பிதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டிருந்தேன். பிளாப்பி என்றால் அது யாரோ ஒரு முகம் தெரியாத படுபாவி செய்த வேலை. பிளாப்பி இல்லை என்றால் வேப்பிலை. வேப்பிலை என்றால் நான்.

நான்காம் நாள் அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்தது. அம்மா செபமாலையை உருட்டினாள். நான் அக்காவின் வயிற்றில் கை வைத்து, “வராத, இப்ப வராத, உள்ளயே இரு” என்று கெஞ்சினேன். உலகத்தில் எல்லாச் சித்தியும் பிள்ளையை வா வா என்பாள். நான் வராதே வராதே என்றேன். காய்ச்சலில் அக்கா பிதற்றினாள். “மேலேந்து வந்துக்கினே இருக்குதுடி. திருப்ப முடில. உச்சில முட்டப் போவுது.” வலி இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு அடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அவள் புரண்டு படுத்தபோதும் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

ஐந்து. ஆறு. ஏழு. ஒன்பதாம் நாள் மத்தியானம் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கிக் கழுத்து, மார்பு, தொடை என்று முத்து இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. “இன்னாம்மா, கோழி வாங்க வந்த மாதிரி பாக்கற?” என்றாள் நர்ஸ். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்தது, படித்தது, அதற்குக் கல்யாணமும் ஆனது. ஒவ்வொரு முறை அவள் என்னைச் “சித்தி” என்று கூப்பிடும்போதும் அந்தக் காய்ந்த கொத்து என் முதுகில் குத்தும்.

போன மாதம் அவள் தலைப்பிரசவத்துக்கு வளவனூருக்கு வந்திருந்தாள். பார்க்கப் போனேன். மத்தியானம், நல்ல வெயில். அவள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.  அக்காவைத் தேடி வாசலுக்குப் போனேன். அவள் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அங்கே நிலையில் வேப்பிலை செருகியிருந்தது.

எப்படி வந்ததோ தெரியவில்லை, கொட்டிவிட்டேன். “அக்கா, விழுப்புரத்துல அன்னிக்கு அந்த வூட்டு வாசல்ல வேப்பிலை இருந்திச்சி. நான் பாத்தேன். பாத்துட்டுதான் உன்ன உள்ள கூப்ட்டேன். முதுகால மறைச்சிக்கினு நின்னேன்.”

அக்கா திரும்பாமலே சொன்னாள். 

“உன் முதுகு அவ்ளோ அகலமாடி? சந்து முனையிலேந்தே நானும் பாத்தேன்.”

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“திரும்பிப் போலாம்னுதான் வாய் வரைக்கும் வந்திச்சி. ஆனா அந்த கேமு... காஞ்ச எலதான, ஒண்ணும் ஆவாதுன்னு வந்துட்டேன். நீ பாக்கலன்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன். பெத்தவளே புள்ளயக் கொல்லப் பாத்தான்னு யார்கிட்ட சொல்றது? மாமாகிட்டகூடச் சொல்லல.”

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். “அம்மா, போன்ல சார்ஜ் போச்சு. எதிர் வூட்டு அக்காகிட்ட சார்ஜர் வாங்கிக்கினு வரட்டா?”

“வேணாம்!” என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன்.