அண்ணன் ஊத்தி வச்ச பாட்டிலுங்க

டேய் அண்ணா, கேக்குதா? இன்னிக்கு உனக்குக் கருமாதி. நீ வீட்டுலயே காய்ச்சின பீர நான்தான் திறந்தேன்.

முத்தியால்பேட்டையில நம்ம மாடியில, பச்சை வலைக்குக் கீழ பீருக்குக் கசப்பும் வாசனையும் குடுக்கும்னு நீ வளத்த ஹாப்ஸ் கொடி இன்னும் கயித்தப் புடிச்சி ஏறிட்டுத்தான் இருக்கு. இந்த வெயில்ல பூக்கவே பூக்காதுன்னு நீ வேலை செஞ்ச ஓட்டல்ல கிண்டல் பண்ணாங்களே, ஒரு கையளவு பூத்துச்சி. பீரு பொங்கி அடங்கினப்புறம் அதப் பறிச்சி உள்ள போட்ட. அம்மா மூக்கப் பொத்திக்கிட்டு, "சாராயம் காய்ச்சுறியாடா? போலீசு வந்தா நீ யாருன்னே தெரியாதுன்னுடுவேன்"னு சொல்லிச்சி.

"பீருமா. வாசனைக்கு இந்தப் பூ. மொத பாட்டில் உனக்குத்தான்"ன்னு சிரிச்ச.

பாட்டில்ல ஊத்தி மூடின மறுநாள் வண்டிய எடுத்துட்டுப் போன. கனகசெட்டிக்குளம் பக்கம் லாரி. ஹெல்மெட் வீட்டு ஆணியிலயே தொங்கிட்டிருந்துச்சி.

அப்புறம் ஒரு மத்தியானம் மாடி ரூம்ல டமார்னு சத்தம். ஒரு பாட்டில் வெடிச்சி, ரூம் பூரா கண்ணாடி. அம்மா ஓடியாந்து பாத்துட்டு, "அவன்தான்டி. கோவமா இருக்கான்"னு அங்கேயே உக்காந்துடுச்சி. அதுலேர்ந்து தெனம் அந்த ரூம்லதான், மிச்ச பாட்டிலுங்க பக்கத்துலயே. கருமாதிக்கு அதத்தான் படைக்கணும், யாரும் தொடக்கூடாதுன்னுடுச்சி.

உன்கூட பீர் காய்ச்சுற உன் ஃப்ரெண்டுக்கு போன் பண்ணேன். "கடைசியில பூவப் போட்டா சில சமயம் அடங்கின பீரு மறுபடி பொங்கும்மா. கேஸ் ஏறி மிச்சமும் வெடிக்கும். அம்மாவ வெளிய கூட்டினு வா. நல்லா ஐஸ் போட்டு, சில்லுனு ஆனப்புறம் திற. மூஞ்சிய கிட்ட கொண்டு போவாத"ன்னாரு.

அம்மாவுக்கு எதாவது ஆச்சின்னா எனக்கு யாரு இருக்கா?

இன்னிக்குக் காலையில அம்மா குளிக்கப் போனப்ப, மீன்காரக்காகிட்ட வாங்கின ஐஸ எடுத்துனு மேல போனேன். ஆணியிலேர்ந்து உன் ஹெல்மெட்ட எடுத்து மாட்டிக்கினேன். உள்ள உன் எண்ணெ வாசன. அழுதா கண்ணு தெரியாதேன்னு அழல. பாட்டிலுங்க மேல ஈரச் சாக்கப் போத்தி, ஐஸ கொட்டிட்டு வெளிய வந்து கதவண்ட நின்னேன்.

அம்மா வந்து என்னப் பாத்துச்சி. ஹெல்மெட்டப் பாத்துச்சி.

"இத அன்னிக்கு அவன் மாட்டியிருக்கக் கூடாதாடி"ன்னுச்சி. அப்புறம் உள்ள போவவே இல்ல, என் கையப் புடிச்சிக்கினு கதவண்டயே நின்னுச்சி.

ரொம்ப நேரம் கழிச்சி உள்ள போயி, ஈரச் சாக்கால சுத்திப் புடிச்சி ஒவ்வொண்ணா மூடிய நெம்பினேன். மொத பாட்டில் மேல்கூரை வரைக்கும் பீச்சி அடிச்சி காலியாயிடுச்சி. நான் கத்திட்டேன். எல்லாம் அப்டியே போச்சி. கடைசி ஒண்ணுல மட்டும் பாதி நின்னுச்சி. அத உன் போட்டோ முன்னாடி டம்ளர்ல வச்சோம். அம்மா வெரலத் தொட்டு நாக்குல வச்சி, "கசக்குதுடி"ன்னுச்சி.

"கசக்கத்தாம்மா அந்தப் பூ."

இப்ப ரூம் காலி. ஆனாலும் எங்க கதவு சாத்தினாலும் ஒடம்பு தூக்கிப் போடுது. அம்மா இன்னும் கேக்குது, "அவனுக்குக் கோவம் போயிருக்குமாடி?" அதுக்குத்தான் இத எழுதுறேன்.

இதப் படிக்கிறவங்க கோயிலுக்குப் போனாலும் சரி, சர்ச்சு, மசூதிக்குப் போனாலும் சரி, எங்கண்ணன் யாரு மேலயும் கோவமில்லாம நிம்மதியாத் தூங்கணும்னு எல்லாரும் ஒரு தடவ வேண்டிக்கோங்க.