டேட், டாயி: ஒரு செப்புக்கோட்டின் அகலம்

"ஆகஸ்ட் 1998, வெள்ளி. போசரியிலிருந்து போர்டுகள் வந்தன. கோடு தடித்திருக்கிறது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான். தேதியின் எண்ணை எழுதாமல் விட்டிருக்கிறேன். நான் அப்படி விடுகிறவன் இல்லை. அன்றைய கோபத்துக்கு அதுவே சாட்சி.

புனேயில் நான் வேலை பார்த்தது ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், செய்யும் கம்பெனியில். வண்டிக்கும் மோட்டாருக்குமான ரிலேக்கள்தான் அதன் பிழைப்பு. மிக உயர்ந்த அதிர்வெண் சமிக்ஞையைத் திறந்து மூடும் ரிலே ஒன்றை முதல்முறையாகச் செய்யத் துணிந்தார்கள். அது உட்காரும் சர்க்யூட் போர்டை வடிவமைப்பது என் வேலை. ரஞ்சன்காவிலிருந்த வாடிக்கையாளர் மாதிரியை ஏற்காவிட்டால் டிசைன் மேஜையை மூடி என்னைக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார்.

இந்த ரிலேக்குப் போகும் செப்புக்கோடு வெறும் கம்பி அல்ல. போர்டின் கனத்துக்கு ஏற்ற அகலம் ஒன்று அதற்கு உண்டு. கூடினாலும் குறைந்தாலும் சமிக்ஞையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். எங்கள் போர்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர். வந்ததோ இரண்டரை.

மத்தியானத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. நான் அனுப்பிய ஃப்ளாப்பியில் படம் இருந்தது. கோடுகளின் அகலப் பட்டியல் பதிவாகவில்லை. போசரியில் போர்டு செய்பவர் போனில் இந்தியில் அகலம் கேட்டபோது நான் வெளியே போயிருந்தேன். போனை எடுத்தவர் என் சீனியர். கோயம்புத்தூர்க்காரர், சாங்வியில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர், தன் இந்தியைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உள்ளவர்.

"சாடே ஏக்னு தெளிவாத்தானுங்க சொன்னேன்," என்றார்.

மூன்றரை 'சாடே தீன்' என்றால் ஒன்றரை 'சாடே ஏக்' என்பது நம் ஆட்களின் கணக்கு. இந்தியில் அப்படிக் கிடையாது. ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயி' என்று தனித்தனிச் சொல்.

"அவன் சிரிச்சுப்போட்டு, டேடா டாயியான்னு கேட்டான். சிரிக்கிறவன்கிட்ட அர்த்தம் கேக்க முடியுங்களா? டாயின்னுட்டேன்."

"எது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டுல ஒண்ணு சரியா இருக்குமில்லீங்க."

மேனேஜரிடம் போனேன். மராட்டிக்காரர், தமிழன் எவனும் அவருக்கு 'அண்ணா'. போர்டைத் தடவிப் பார்த்து இந்தியில் சந்தோஷப்பட்டார்.

"அரே அண்ணா, செம்பு ஜாஸ்தியா இருக்கு. கரண்ட் ஆராமாப் போகும்."

"கரண்ட் இல்லை சார், அலை. அது திரும்பி வரும்."

"வரட்டுமே. அகல ரோட்டுல நாலு பேர் யூ டர்ன் அடிக்கத்தான் செய்வான். மத்தவன் போறானா இல்லையா?"

படம் போட்டுக் காட்டினேன். கணக்கைக் காட்டினேன். தடித்த செம்பை நம்பியே தொழில் செய்தவருக்கு, மெலிந்தால் நல்லது என்று சொன்ன நான் கஞ்சனாகத்தான் தெரிந்தேன். புது போர்டு வர நேரமில்லை, திங்கட்கிழமை மாதிரி போயாக வேண்டும் என்று முடித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் நானும் சீனியரும் பிளேடும் இரும்பு ஸ்கேலுமாக உட்கார்ந்தோம். கோட்டின் இரண்டு ஓரத்தையும் கீறி, சால்டரிங் அயர்னால் சூடு காட்டி, வேண்டாத செம்பை உரித்தெடுத்தோம்.

"டாயியை டேட் ஆக்கறமுங்க," என்றார். நான் அடுத்த கோட்டைக் கீறினேன்.

ரஞ்சன்காவில் அவர்களுடைய கருவியில் மாட்டிப் பார்த்தார்கள். திரும்பிய சமிக்ஞை அவர்கள் வரம்புக்குள் இருந்தது. மாதிரி பாஸ்.

அடுத்த நாளே, இனி வாங்கும் போர்டுகளுக்காக அகலத்தைத் திருத்திய பட்டியலை மேனேஜரிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட மறுத்தார்.

"பாஸான மாதிரியை எப்படிச் செஞ்சே?"

"பிளேடால, சார்."

"அப்ப பிளேடாலதான். அப்ரூவ் ஆன முறையை மாத்தினா மறுபடி அப்ரூவல் வாங்கணும். இதுகூடத் தெரியாதா?"

இரண்டரையில் வாங்கி, பிளேடால் ஒன்றரையாக்கு என்று செய்முறைத் தாளில் ஒரு வரி ஏறியது. சீவுவதற்குக் காயில் சுற்றும் பிரிவிலிருந்துதான் ஆட்களைக் கொடுத்தார்கள். அவர்களை மேற்பார்க்க வசதியாக என் மேஜையையும் அங்கேயே தூக்கிப் போட்டார்கள். வேலை போகவில்லை; வேலை செய்யும் இடம் போயிற்று.

2003இல் விலகினேன். அந்த வரி இன்னும் தாளில் இருப்பதாகச் சில வருடம் கழித்து அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். அவர் தாளைக் கண்ணால் பார்த்தாரா, யாரோ சொன்னதைச் சொன்னாரா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.