கொன்னவயல் ஈசானி மூலையில் தேர் ஏன் நிற்கிறது?

செட்டிநாடு போகிறோம், எந்த வீட்டைப் பார்க்கலாம் என்று மாதம் ஒருவராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். வீடுகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் என்று எல்லாரும் ஒரே பல்லவிதான். நான் உங்களுக்கு ஒரு தெருமூலையைக் காட்டுகிறேன். காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற சாலையில், இரண்டு மைல் உள்ளே தள்ளி இருக்கிறது கொன்னவயல் என்ற சின்ன ஊர். அதன் வடக்குத் தெருவும் கிழக்குத் தெருவும் சேர்கிற ஈசானி மூலைதான் அது. எங்கள் அக்காவைக் கொடுத்த ஊர் என்பதால் பெருமை கொஞ்சம் கூடத்தான் அடிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை அக்காதான் மதுரைக்கு வந்துபோவாள். நான் அங்கே முதலில் போனது 1972 மே மாதம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் மதுரையில் அம்மாவிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்தேன். அக்கா பாக்கியம் ஒரு கார்டு போட்டிருந்தாள். உங்க அத்தான் வீட்டில் சோறு தின்று பத்து நாளாச்சு, பஸ், பஸ் என்று பேயாக அலைகிறார், நீயாவது வந்து எனக்குத் துணைக்கு இரு என்று எழுதியிருந்தாள். அத்தான் சேவுகன்தான் அந்த ஊர்ப் பஞ்சாயத்துப் பிரெசிடெண்ட். ஊரார் வாயில் ‘பிரெசண்டு’.

மதுரையில் காலை ஆறு மணிக்கு ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாக ஒன்பதுக்குக் காரைக்குடி. டிக்கெட் இரண்டரை ரூபாய் சொச்சம். அங்கிருந்து புதுவயல் பஸ்ஸில் ஏறி, முப்பது பைசா கொடுத்து, கொன்னவயல் விலக்கில் இறங்கினேன். அதோடு சரி. அப்புறம் நடராஜா சர்வீஸ்தான். இரண்டு மைலுக்கும் இருபுறமும் கருவேல முள். ஒரு வீடு இல்லை, ஒரு டீக்கடை இல்லை. புதுவயல் அரிசி மில்லுக்கு நெல் ஏற்றிப் போன லாரி ஒன்று என் தலையில் செம்மண்ணைக் கொட்டிவிட்டு நிற்காமல் போனது. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபோது, இந்த ஊரில் போய் எங்கள் அக்காவைக் கொடுத்தார்களே பாவிகள் என்று என் அப்பாவைக்கூட நினைத்துத் திட்டினேன்.

அத்தான் ஏன் அலைந்தார் என்பது அந்த இரண்டு மைலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். பையன்கள் சைக்கிளை மிதித்துக் காரைக்குடிக்குப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் எட்டோடு நின்றுவிடுவார்கள். எந்தத் தகப்பன் அந்த முள்ளுக்காட்டு வழியில் விடிகாலையில் பெண்ணைத் தனியாக அனுப்புவான்? அக்கா மகள் வளர்மதி அந்த வருஷம்தான் எட்டு முடித்திருந்தாள். கணக்கில் புலி. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, ‘பஸ் வந்தா ஒன்பதாங் கிளாஸ் புத்தகம் மதுரையில கிடைக்குமா சித்தி?’ என்பதுதான்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் பரீட்சை. காரைக்குடி பஸ் முதலாளி ஒருவர் வண்டி விடச் சம்மதித்துவிட்டார். அரசாங்கத்திலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து, வண்டி ஊருக்குள் சிரமமில்லாமல் போய்த் திரும்புகிறதா என்று பார்த்து எழுதித் தந்தால்தான் பெர்மிட். வந்த வழியே திரும்ப இடமில்லை. ஒரு பக்கம் ஊருணி, மறு பக்கம் கண்மாய்க் கரை. தேர் போகிற நாலு தெருவையும் சுற்றித்தான் பஸ் வெளியே வரவேண்டும்.

இந்த இடத்தில்தான் கொன்னவயல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார்கள். தேர் திரும்புகிற தெருவில் பஸ் திரும்பாதா என்று அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். சும்மா நம்பவில்லை, அளந்தே நம்பினார்கள். தேரின் அகலத்தைக் கயிறு பிடித்து அளந்தார்கள். காரைக்குடி ஸ்டாண்டுக்குப் போய் பஸ்ஸின் அகலத்தை அளந்தார்கள். பஸ் தேரைவிட ஒல்லி. அவ்வளவுதான், வெடி போட்டுக் கொண்டாடாத குறை. பஸ் நீளமான சாமான் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

வண்டி வந்தது. டிரைவர் காசிம் பாய், முன்பு மில் லாரி ஓட்டியவர், பூனை மாதிரி நிதானம். ஏற ஆள் இல்லாத ஊர் என்று எழுதிவிடக் கூடாதே என்று அத்தான் ஊர்ப் பெண்களை எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டார். நானும் வளர்மதியும் ஜன்னலோரம். முன் சீட்டில் இன்ஸ்பெக்டர். கிழக்குத் தெரு, தெற்குத் தெரு, மேலத் தெரு எல்லாம் அலுங்காமல் வந்தோம். வடக்குத் தெரு முடிந்து ஈசானி மூலையில் வண்டி திரும்பியதும் ‘கரக்’ என்று ஒரு சத்தம். பின்பக்கம் மூலை வீட்டு மதில் முனையில் உரசி நின்றது. முன்பக்கம் எதிர்ச் சாக்கடைக் கல்லில் முட்டியது. காசிம் பாய் முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார். ம்ஹூம்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. இந்த மதில் முனை தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, புறம்போக்கு மாதிரித் தெரிகிறது, பஞ்சாயத்து நோட்டீஸ் கொடுத்து இடிக்கட்டும், மூன்று மாதம் கழித்து வருகிறேன் என்றார். மூன்று மாதத்தில் பள்ளிக்கூடச் சேர்க்கை முடிந்துவிடும். முதலாளியின் ஒரே வண்டி வேறு ஊருக்குப் போய்விடும். வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் இளவட்டங்கள், புறம்போக்குதானே, இப்பவே இடிச்சுத் தள்ளுவோம் என்று கடப்பாறை எடுக்கக் கிளம்பினார்கள். அத்தான் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டார்கள். விஷயம் அவ்வளவு லேசில்லை. மூலை வீடு உமையாள் ஆச்சியுடையது. செட்டியார் மலேயாவில், ஆச்சிதான் இங்கே எல்லாம். பஞ்சாயத்துத் தேர்தலில் ஆச்சி அத்தானுக்கு எதிராக ஆள் நிறுத்தித் தோற்றவர். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அந்த ஊரில் தேர் எந்த வீட்டு வாசலில் நின்றாலும், அந்த வீட்டார் தேங்காய்த் தட்டோடு வந்து உடைத்து, வடத்தைத் தொட வேண்டும். தொட்ட பிறகுதான் ஊர் இழுக்கும். மற்ற வீடுகளில் தேர் என்றைக்காவது நிற்கும். ஆச்சி வீட்டில் வருஷா வருஷம் நிற்கும். காரணம் அந்த மதில் முனைதான். அதில் இடிக்காமல் திருப்ப, தேரை அங்கே நிறுத்தி முட்டுக்கட்டையை மாற்றிப் போட்டே ஆகவேண்டும். ‘தேர் நிக்கிற வீடு’ என்றால் சுற்றுப்பட்டு முழுக்க அந்த வீட்டுக்குத்தான் பேர். முனையை இடித்தால் தேர் நிற்காமல் போய்விடும். ஒரு குடும்பத்தின் மரியாதையே அந்த மூணடிச் சுவரில்தான் இருந்தது.

அத்தான் நோட்டீஸ் பற்றிப் பேசவில்லை. செருப்பைக் கழற்றினார். ஆச்சி வீட்டு வாசலுக்கு நேராகத் தெருவில் நின்றார். தேர் நிற்கும்போது வழக்கமாகக் குரல் கொடுப்பார்களே, அதே மாதிரி கொடுத்தார்.

“ஆச்சி, தேரு நின்னுருச்சு.”

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து ஆச்சி வந்தார். ஐம்பது வயதிருக்கும், அரக்கு நிறக் கண்டாங்கிச் சேலை, நிமிர்ந்த நடை. கை வெறுங்கை.

“நோட்டீசு ஒட்ட வந்தீகளோன்னு நெனச்சேன், பிரெசண்டு.”

“இல்ல ஆச்சி. நம்ம பிள்ளைக எல்லாம் உள்ள உக்காந்திருக்கு. நீங்க வந்து தொட்டாத்தான் நகரும்.”

ஆச்சி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வளர்மதி முகத்தில் வந்து கண் நின்றது. உள்ளே போனார். போச்சு, கதவைச் சாத்திவிட்டார் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் தட்டு, தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம். பஸ்ஸின் முன் சக்கரத்தடியில் தேங்காயை ஒரே போடாகப் போட்டார். வடத்தைத் தொடுகிற மாதிரியே பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் காசிம் பாயிடம் எவ்வளவு தூரம் இடிக்க வேண்டும் என்று கேட்டார். பாய் இறங்கி வந்து சுவரில் கரிக்கோடு போட்டுக் காட்டினார்.

“ஊரு ஆளுக கை வைக்க வேணாம். எங்க வீட்டு ஆளுகளே இடிப்பாக.” ஆச்சி அத்தானை நேராகப் பார்த்தார். “இனிமே தேரு இங்க நிக்காது. தெரியுமா பிரெசண்டு?”

“தெரியும் ஆச்சி,” என்றார் அத்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆச்சிக்கும் பிடித்திருக்காது.

செட்டிநாட்டுச் சுவரை இடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முட்டையும் சுண்ணாம்பும் கலந்து பூசினது. கடப்பாறை போட்டால் கடப்பாறைதான் கும்பிடு போடுகிறது. ஆச்சி வீட்டு ஆட்கள் மாற்றி மாற்றி மத்தியானம் வரை இடித்தார்கள். இன்ஸ்பெக்டர் கிளம்பிவிடக் கூடாதே என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி அவரை உள்ளே கூப்பிட்டு இலை போட்டுவிட்டார். பால் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி எல்லாம் சாப்பிட்ட மனுஷன் எங்கே எழுந்திருக்க? வெளியே வந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, எடுங்க பார்ப்போம் என்றார். காசிம் பாய் எடுத்தார். வண்டி ஈசானி மூலையில் எங்கும் உரசாமல் வளைந்து கிழக்குத் தெருவில் இறங்கியது. வளர்மதி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான். அக்கா மட்டும், ராத்திரிக்காவது உங்க அத்தான் வீட்டில் தின்பாரா பார் என்றாள்.

மறு வருஷம் பங்குனியில் தேருக்குப் போனேன். இந்தத் தடவை நடக்கவில்லை, காரைக்குடியில் ஏறி ஊருக்குள்ளேயே இறங்கினேன். சாயங்கால வண்டி முழுக்க தாவணி போட்ட பெண்பிள்ளைகள், அத்தனை கையிலும் புத்தகப் பை. வளர்மதி எனக்குச் சீட்டுப் பிடித்து வைத்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் மார்க் என்று அவள் சொல்வதற்குள் கண்டக்டரே சொல்லிவிட்டார்.

தேரன்று ஆச்சி வீட்டு வாசலில் கோலம் மட்டும்தான் இருந்தது. விளக்கு இல்லை, தட்டு இல்லை. நிற்காத தேருக்கு எதற்கு என்று விட்டிருப்பார் போல. ஆச்சி கதவோரம் ஒதுங்கி, ஊரில் எல்லாரையும் போலக் கும்பிட்டபடி நின்றிருந்தார். வடக்குத் தெரு முழுக்கத் தேர் குலுங்கிக்கொண்டு வந்தது. இப்போது மூலையில் இடம் தாராளம். இழுத்த இழுப்பில் திரும்பிவிடலாம். அத்தான் முன்னால் ஓடினார். துண்டை உயர்த்தி, நிறுத்துங்கப்பா என்றார்.

முட்டுக்கட்டை விழுந்தது. தேர் நின்றது. வடம் பிடித்தவர்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அத்தான் வாசலுக்கு நேராகப் போய் நின்றார். ஊர்தான் சொன்னது, ஒரே குரலாக.

“ஆச்சி, தேரு நின்னுருச்சு.”

அந்த நிமிர்ந்த நடை ஆச்சி அன்றைக்கு ஓடினார். தேங்காய் தேடி, சேலை தடுக்க, வீட்டுக்குள் ஓடினார். பஸ் வந்ததைவிட எனக்கு அதுதான் பெருமை. ஊர்த் தலைவர் என்று யாரைச் சொல்வது என்று என்னிடம் யாராவது கேட்டால், இடிக்கவும் தெரிந்து, நிறுத்தவும் தெரிந்த எங்கள் அத்தானைத்தான் சொல்வேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பங்குனித் தேருக்குப் போங்கள், வெயில் கொளுத்தும், குடையும் தண்ணீரும் கட்டாயம். தங்க ஊருக்குள் இடம் கிடையாது, காரைக்குடியில் தங்கிக்கொள்ளுங்கள். காரில் வேண்டாம், பஸ்ஸிலேயே போங்கள். ஈசானி மூலையில் கூர் மழுங்கி, கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும் ஒரு மதில் முனையைப் பார்ப்பீர்கள். அதற்கு எதிரே, நிழல் விழுகிற பக்கமாக நின்றுகொள்ளுங்கள். தேர் வரும். இவ்வளவு இடம் இருக்கும்போது ஏன் நிறுத்துகிறார்கள் என்று பக்கத்தில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

ஆச்சி போய்விட்டார், அத்தானும் போய்விட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள், தேருக்கு மட்டும் வருவார்கள். நான் கடைசியாகப் போனபோது அவர்கள் கார் வழியில் பஞ்சராகிவிட்டது. உச்சி வெயில், பூட்டின கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் தேர் அரை மணி நேரம் நின்றது. வடத்தை ஒருத்தரும் கீழே போடவில்லை.