தயாளன் வேலை மாறின கதை

வேலை மாறணும்னு வர்றவங்களுக்கு வழி சொல்றதுதான் என் தொழில். அதாவது, மனசுல முடிவெடுத்துட்டு, அதை வாய்விட்டுச் சொல்ல பயந்துக்கினு வர்றவங்களுக்கு எதிர்ல உக்கார்றது.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, மருந்துக்கடை மாடியில என் ஆபீஸ். ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, சுத்துறதைவிட அதிகமா கத்துற ஃபேன். முன்னாடி ஒரு தொழிற்சாலையில ஆள் எடுக்குற பிரிவுல இருந்தேன். அங்க வந்தவங்க என்னைப் பாத்து பயந்தாங்க. இங்க வர்றவங்களைப் பாத்து நான் பயப்படுறேன். டாக்டரு, வக்கீலு, டியூஷன் மாஸ்டரு, கல்யாணத் தரகருன்னு வாயால பிழைக்கிற அத்தனை பேருக்கும் நான் சொல்றது புரியும். நாமெல்லாம் ஒரே ரகம்தான்.

கேள்வித்தாளுக்கே மார்க்

ஓரிக்கையிலேருந்து ஒரு கணக்கு டீச்சர் வந்தாங்க. இனிமே பள்ளிக்கூடம் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னாங்க. வர்ற எல்லாருக்கும் நான் ஒரு கேள்வித்தாள் குடுப்பேன். எந்த வேலை செஞ்சா நேரம் போறதே தெரியல, எதுல எரிச்சல் வருது, இப்படி. வீட்டுல நிதானமா எழுதிக் கொண்டாங்கன்னு அனுப்பிவெச்சேன்.

அடுத்த வாரம் கொண்டாந்தாங்க. பதில் ஒரு வரி கூட இல்ல. என் கேள்விங்க மேல பூரா சிவப்பு இங்க்! ஒரு நிமிஷம் எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. நிமிர்ந்து பாத்தா, அந்தம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். சிரிப்பை அடக்க முடியல எனக்கு. பள்ளிக்கூடத்தை விடறாங்களாம், கிழிச்சாங்க! அவங்க சொன்னது இதுதான்: "நாலாவது கேள்வியும் ஏழாவது கேள்வியும் ஒண்ணுதான் மேடம். இப்படிக் குடுத்தா பசங்க குழம்பிடுவாங்க."

ஓரமா உக்காந்திருக்கிற அத்தை

இனி தயாளன். ஐயம்பேட்டைக்காரர், நாப்பது தாண்டினவரு, பட்டுக்கடையில சேல்ஸ்மேன். நம்ம ஊர்ப் பட்டுக்கடையில வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை மேலதான் வியாபாரம். கடை திறந்ததுலேருந்து ஷட்டர் இறக்கற வரைக்கும் சம்மணம் போட்டு உக்காரணும், அலமாரிக்கு எழுந்து ஓடணும், மறுபடி உக்காரணும். தயாளனுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. இப்படியே போனா கோல் ஊணித்தான் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல பொண்ணு படிச்சுக்கினு இருக்குது, சம்பாத்தியம் இவரு ஒருத்தருதுதான். சம்சாரம் கஸ்தூரி பிடிச்சுத் தள்ளாத குறையா என்கிட்ட அனுப்பிவெச்சிருந்தாங்க.

"புடவை விரிக்கிறதைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது மேடம்"னு ஆரம்பிச்சாரு. எனக்கு இந்தப் பேச்சே ஆகாது. ஒரு குடும்பமே வேன் வெச்சுக்கினு கல்யாணப் புடவை எடுக்க வந்தா யாரைப் பாத்துப் பேசுவீங்கன்னு கேட்டேன். பணம் குடுக்கிற அப்பாவையா, கட்டிக்கப் போற பொண்ணையா? மனுஷன் அப்பதான் முதுகை நிமிர்த்தினாரு. "ரெண்டு பேரையும் இல்ல மேடம். புடவையைத் தொடாம ஓரமா ஒரு அத்தை உக்காந்துக்கினு இருப்பாங்க. அவங்க தலையாட்டற வரைக்கும் பில்லு போட முடியாது."

ஒத்திகை

ஊருல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில, நோயாளியோட வர்ற குடும்பத்துக்கு விவரம் சொல்லிப் பேச ஒரு ஆள் தேடிக்கினு இருந்தாங்க. மேசை, நாற்காலி போட்டு உக்காந்து செய்ற வேலை. இது இவருக்குன்னே செஞ்ச வேலைன்னு எனக்குப் பட்டுச்சு. விண்ணப்பம் போட வெச்சு, இன்டர்வியூவுக்கு ஒத்திகை பாக்க உக்காந்தோம். நான்தான் ஆஸ்பத்திரி மேனேஜர்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க தயாளன்"னேன். "ப்ளஸ் டூ பெயிலு. கம்ப்யூட்டர் சுமார். இங்கிலீஷ் ரொம்ப சுமார்"னாரு. எனக்கு வந்ததே கோவம்! வேலை கேக்கப் போறீங்களா, எனக்கு வேணாம்னு சொல்லப் போறீங்களான்னு மேசையைத் தட்டினேன். அவரு கொஞ்சம் கூட அசரல. தொழில் தெரியாத பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு: "முதல்லயே முகூர்த்தப் புடவையை எடுத்துப் போட்டுட்டா அப்புறம் காட்ட என்ன இருக்குது மேடம்? சாதாவுல ஆரம்பிச்சு மெதுவாத்தான் ஏத்திக்கினு போகணும்."

எழுந்திரிச்சுட்டாங்க

அங்க உங்களுக்காக அரை நாள் யாரும் உக்கார மாட்டாங்க, நல்ல சரக்கை முதல்லயே காட்டுங்கன்னு ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாத்துக்கும் அழகா தலையாட்டினாரு. இன்டர்வியூ முடிஞ்சு, கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏறி வந்தாரு. "என்ன ஆச்சு?"ன்னேன். ஏசி ரூமையும் டாக்டருங்களையும் பாத்ததும் எல்லாம் மறந்துபோயி, ப்ளஸ் டூ பெயிலுலேருந்தே ஆரம்பிச்சாராம். அவங்களும் ஃபைலை மூடிட்டு, சொல்லி அனுப்பறோம்னு எழுந்திரிச்சுட்டாங்களாம். நான் தலையில கைவெச்சுக்கினேன்.

ஆனா பட்டுக்கடையில வாடிக்கையாளர் எழுந்திரிச்ச பிறகுதான் சேல்ஸ்மேனுக்கு வேலையே ஆரம்பிக்குது. இவரு வாய் தானா பேசிடுச்சு: "உக்காருங்க சார், ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போங்க." அவங்களும் உக்காந்துட்டாங்க! கைல புடவை இல்ல, என்ன பண்ணுவாரு? கடையில முன்னாடி நடந்த ஒண்ணைச் சொல்லியிருக்காரு. தாயை இழந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பொண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்திருக்குது. ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கல. இவரு விரிச்சதை மடிச்சு வெச்சுட்டு, டீ வரவழைச்சு, "அம்மாவுக்கு என்ன கலரு பிடிக்கும்?"னு மட்டும் கேட்டாராம். முதல்ல அப்பா வாயைத் திறந்தாரு. அப்புறம் எல்லாரும் பேசினாங்க, அழுதாங்க, சிரிக்கக் கூட செஞ்சாங்களாம். கேக்கும்போதே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வேலை என்ன ஆச்சுன்னு கேக்கவே பயமா இருந்துச்சு. தயாளன் தலையைக் குனிஞ்சுக்கினே சொன்னாரு: "பெரிய டாக்டரம்மா ஒண்ணாந்தேதி வந்துடுங்கன்னாங்க. நான் பழக்க தோஷத்துல, 'பேக் பண்ணிடட்டுமா'ன்னு கேட்டுட்டேன் மேடம்."

மெத்தையோட எதிர்ப்பக்கம்

வேலை கிடைச்சா போதுமா? முதலாளிகிட்ட சொல்லணுமே. இவரு கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் குடுத்த முதலாளி. அதுவும் முகூர்த்த சீசன்ல எந்த சேல்ஸ்மேனும் கடையை விட்டுப் போக மாட்டாங்க, போனா துரோகம்னு பேரு. மாசம் முடியப் போகுது, மனுஷன் வாயையே திறக்கல. ஒண்ணாந்தேதி போய் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்காரங்க வேற ஆளைப் போட்டுக்குவாங்க. கஸ்தூரி எனக்கு போன் பண்ணி, "நீங்க கூட இருந்தாலாவது சொல்வாரு மேடம்"னு கெஞ்சினாங்க. புடவை எடுக்கறவ மாதிரி போய் மெத்தையில உக்காந்தேன். தயாளன் எனக்கு விரிக்கிறாரு, விரிக்கிறாரு, விரிச்சுக்கினே இருக்காரு! "இப்ப சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"ன்னு பல்லைக் கடிச்சேன்.

அலமாரியைப் பிடிச்சு எழுந்து நின்னாரு. "முதலாளி, ஒண்ணாந்தேதியிலேருந்து நான் வரல. ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்குது. முட்டி முடியல முதலாளி." ஒரு வார்த்தை கூட முழுங்கல. முதலாளி கல்லாவுலேருந்து இறங்கி வந்தாரு. திட்டப் போறாருன்னு நான் மடியில இருந்த புடவையை இறுக்கிப் பிடிச்சுக்கினேன். "இவ்ளோ வலியை வெச்சுக்கினு ஏன்டா எங்கிட்ட சொல்லல?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. தயாளன் தோளைப் பிடிச்சு வாடிக்கையாளருங்க பக்கம் உக்கார வெச்சாரு. அப்புறம் அவரே இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உக்காந்து, "கஸ்தூரிக்கு ஒண்ணு எடு"ன்னு விரிக்க ஆரம்பிச்சாரு. அவருக்கும் கண்ணு சிவந்துதான் இருந்துச்சு.

தனக்குன்னு எதையும் கேட்டுப் பழகாத மனுஷனாச்சே, முதல்ல விரிச்சதையே சரின்னுடுவாருன்னு நெனைச்சேன். தயாளன் அந்த மயில்கழுத்துக் கலர் புடவையைத் தடவிப் பாத்தாரு. முந்தானையைத் திருப்பிப் பாத்தாரு. கண்ணைத் துடைச்சுக்கினு, முதலாளியை நேரா பாத்துச் சொன்னாரு: "கலரு நல்லா இருக்குது முதலாளி. பார்டரு இன்னும் கொஞ்சம் பெருசா காட்டுங்க."

வழி காட்டறேன்னு போர்டு மாட்டியிருக்கேனே தவிர, நான் செய்றதெல்லாம் அவங்களா வாயைத் திறக்கற வரைக்கும் எழுந்து போகாம உக்காந்திருக்கிறதுதான். அன்னிக்குக் கடையில அப்படி உக்காந்திருந்த நேரத்துல என் தலையிலயும் ஒரு புடவையைக் கட்டிட்டாங்க.