பொன்னாடைக்குப் பின்னால் ஒரு ராசா

நெடுநேரம் ஓடிச் சூடேறிய வீடியோ ‘டெக்’கிலிருந்து எழும் பிளாஸ்டிக் மணமும், யாரோ வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த கடலை வடையின் எண்ணெய் மணமும் கலந்ததுதான் எனக்கு மெல்பேர்னின் டண்டினொங் தமிழ்ப் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் வாடகை மண்டபமொன்றில் அது நடந்தது. கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்கிய என் அம்மா, அந்த மூன்று மணி நேரம் மட்டும் சேலை உடுத்திக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘ரீச்சர்’ ஆக இருந்தார். அதற்காகத்தான் மற்ற நாட்களைக் கடத்துகிறார் என்பது பத்து வயதில் எனக்கே தெரியும்.

பள்ளிக்கூடத் தலைவர் ஓர் ‘அங்கிள்’. எதற்கும் குத்துவிளக்கு ஏற்றுவார். போட்டோகொப்பி மெஷின் வந்திறங்கிய நாளிலும் ஏற்றினார். வருட முடிவில் பிள்ளைகளுக்குப் பயனுள்ள படம் காட்டப்போவதாக அறிவித்துவிட்டு, அட்டையில் முடி சூடிய ராசாவையும் ராணியையும் கண்ட மாத்திரத்தில் ஓர் ஆங்கிலக் கசெட்டைக் கடையிலிருந்து எடுத்து வந்தார். வீட்டில் ஒருதரம் போட்டுப் பார்க்கவில்லை. படத்துக்கும் விளக்கேற்றி, தனக்குத் தானே ஏற்பாடு செய்த பொன்னாடையையும் போர்த்திக்கொண்டு, “பிள்ளையள் பிரித்தானிய அரச வரலாறு அறிய வேணும், நல்ல இங்கிலீசும் படிக்கலாம்” என்று அரை மணி நேரம் முழங்கினார்.

பத்தாவது நிமிடத்தில் அந்த வரலாறு காற்சட்டையைக் கழற்றியது. நிறைந்த அரசவையில் ராசா ஒரு பணிப்பெண்ணைத் துரத்த, ராணியின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மந்திரி வந்தார், பின்னாலேயே இன்னொரு மந்திரியும் வந்தார். தலைவர் பாய்ந்தார். எந்தப் பொத்தானை அமுக்குவதென்று தெரியாமல், பொன்னாடையை இரு கையாலும் விரித்துத் தொலைக்காட்சியை மறைத்தபடி நின்றார். படம் மறைந்தது, ராசாவின் கும்மாளச் சத்தம் மறையவில்லை. மண்டபமே விறைத்துப் போயிருக்க, அம்மா மட்டும் சிரித்தார். கண்ணீர் வரும்வரை வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை நிர்வாகக் குழு கூடியது. “உந்த ஊத்தைக்குச் சிரிக்கிற ஆள் பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கேலாது” என்றார் தலைவர். கசெட் எடுத்தவரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அம்மாவின் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். “விடும், கதையை வளர்க்காதையும்” என்றார் அப்பா. நான் இன்னும் கேவலம்: என் மானம் போய்விட்டதென்று இரண்டு கிழமை அம்மாவோடு பேசவில்லை.

அந்த மண்டபம் இப்போது உடற்பயிற்சிக் கூடம். ‘டெக்’கும் கசெட்டும் கசெட் கடைகளும் போயின. தலைவரும் போய்விட்டார், அவருடைய படத்துக்கு வருடா வருடம் மாலை போடுகிறார்கள். போன மாதம் அந்த ராசா கசெட்டில் இருந்த படத்தை இணையத்தில் தேடிப் பிடித்து அம்மாவோடு இருந்து பார்த்தேன். படு குப்பை. பின்புறத்தைக் காட்டுவதைத் தவிர வேறு நகைச்சுவை தெரியாதவர்கள் எடுத்தது. அம்மா ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

“அண்டைக்கு இதுக்கோ அம்மா அப்பிடிச் சிரிச்சனீங்கள்?”

“இதை நான் இண்டைக்குத்தானே ஒழுங்காப் பாக்கிறன். அண்டைக்கு அந்தச் சத்தத்துக்கு முன்னால பொன்னாடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட மனிசனைப் பாத்தெல்லோ சிரிச்சனான்.”

“அதைக் கூட்டத்தில சொல்லியிருக்கலாமே?”

“சீ, அத்தனை பேருக்கு முன்னால அவருக்கு வெக்கமாப் போயிருக்கும், பிள்ளை.”

அதற்குப் பிறகு அம்மா ஒரு வகுப்பின் முன்னாலும் நின்றதில்லை. அந்த மனிதருக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததாக இந்த மெல்பேர்னில் நம்பியவர் அவர் ஒருவர்தான்.